இடம் மாறி இடம் அடித்த மிஸ்ஸிங்

எங்கள் லாரி 2003 மாடல். ஆறு சிலிண்டர் டீசல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்புவது பழைய இன்லைன் பம்ப். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி என்று போய்வரும். மூன்று மாதம் எங்களை அலைக்கழித்த ஒரு மிஸ்ஸிங்கைப் பற்றி, அதாவது ஓடும்போது ஏதாவது ஒரு சிலிண்டர் அடிக்காமல் விட்டுப்போவதைப் பற்றி எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது டீசல் பீய்ச்சும் முனையான நாசில் ஒன்றின் செலவாவது மிஞ்சட்டும்.

முதலில் வந்தது தொப்பூர் ஏற்றத்தில். நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று குலுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கிற, எரியாத டீசல் வாடை. ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் தானாகவே சரியாகிவிட்டது. மறுநாள் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. விட்டு விட்டு வருகிற கோளாறில் இதுதான் கொடுமை. காட்ட வேண்டிய இடத்தில் காட்டாது.

பட்டறையில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஆறையும் கழற்றி டெஸ்ட் செய்தார்கள். எங்கள் எஞ்சினுக்கு 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறக்க வேண்டும். இரண்டு கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலேயே திறந்தன, நாசில் மாற்றினோம். டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஒரு குறையும் இல்லை, சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பாதி தீர்ந்ததுமே மறுபடியும் வந்துவிட்டது. பாதி டேங்கில்தான் வந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இன்னொரு இடத்தில் பம்பை இறக்கி, டீசல் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பச் சொன்னார்கள். அதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். "எப்ப வருது, எப்ப போவுதுன்னு முதல்ல எழுதுங்கடா. அப்புறம் பம்பப் பாக்கலாம்" என்றார். கிளீனர் பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். மிஸ்ஸிங் வரும்போதெல்லாம் கியர், லோடு, ஏற்றமா சமதளமா, எஞ்சின் சூடு, டீசல் முள் எங்கே நிற்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினான். இரண்டு வாரத்தில் ஏழு தடவை வந்தது. ஏற்றத்தில் நான்கு, சமதளத்தில் மூன்று. வெயிலிலும் வந்தது, ராத்திரியிலும் வந்தது. ஏழு தடவையும் முள் மட்டும் பாதிக்குக் கீழே. "அண்ணே, இது ஒண்ணுதான் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு" என்று காட்டியது அந்தப் பையன்தான்.

அடுத்த லோடில் பாதி டேங்கோடு ஏறினோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பழைய டீசல் மெக்கானிக், கூடவே வந்தார். மிஸ்ஸிங் ஆரம்பித்ததும் ஓரம் கட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே 17 நம்பர் ஸ்பானரை எடுத்தார். இன்ஜெக்டரில் ஏறும் ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்துவார், சத்தத்தைக் கேட்பார், இறுக்குவார். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் தளர்த்தியதும் எஞ்சின் இன்னும் குலுங்கும். சத்தம் மாறவே இல்லையென்றால் அது ஏற்கெனவே அடிக்காத சிலிண்டர். நான்காவதில் மாறவில்லை. சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இப்போது நான்காவது நன்றாக அடிக்கிறது, இரண்டாவது செத்துக் கிடக்கிறது.

"தம்பி, ஒரே சிலிண்டர் விட்டா அந்தச் சிலிண்டரப் பாக்கணும். இது நடமாடுது. ஆறுக்கும் பொதுவா வர்ற வழியிலதான் நோவு" என்றார்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரித் தெரிகிற டீசல் ஓஸ் ஒன்றை மாட்டினார். உள்ளே அரிசி அரிசியாகக் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. பம்புக்குள் காற்று போனால் அந்த நேரம் எந்த சிலிண்டரின் முறையோ அதற்கு டீசல் சரியாக ஏறாது. அடுத்து ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் கட்டி, டேங்கை விட்டுவிட்டு கேனிலிருந்து ஓட்டினோம். குமிழி நின்றது, மிஸ்ஸிங்கும் நின்றது. கோளாறு டேங்க் பக்கம் என்று உறுதியாகிவிட்டது.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப்; அது வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அதனால் அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே கசியாது. நாங்கள் மூன்று மாதமாக ஈரம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம். ஓஸ், செம்பு வாஷர் எல்லாம் மாற்றியும் குமிழி நிற்கவில்லை. கடைசியில் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயையே வெளியே எடுத்தோம். ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி, மறுமுனையில் ஊதினேன். நடுவில், கிளிப் உரசிய இடத்திலிருந்து ஊசிமுனைக் குமிழி ஒன்று வரிசையாக மேலே வந்தது. டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை டீசலையே உறிஞ்சும், கீழே இறங்கினால் காற்றை உறிஞ்சும். பித்தளை வைத்துப் பற்றவைத்து மாட்டினோம். பிறகு இன்றுவரை வரவில்லை.

இந்த நட்டு தளர்த்துகிற சோதனையைக் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது டீசல்) வண்டியில் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பழைய பம்பிலும் கையை விலக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும்.

*

திருச்செங்கோட்டிலிருந்து, போர்வெல் லாரி ஓட்டுபவர்:

எங்களுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. எப்போது வந்தாலும் ஆறாவது சிலிண்டர் மட்டும்தான். வெளிமாநிலத்தில் வேலை, பக்கத்தில் டீசல் கடையே கிடையாது. ஆறாவது இன்ஜெக்டரையும் முதலாவதையும் இடம் மாற்றிப் போட்டோம். மிஸ்ஸிங் முதலாவதுக்குப் போயிருந்தால் இன்ஜெக்டர் என்று முடித்திருக்கலாம். போகவில்லை, ஆறிலேயே நின்றது. கம்ப்ரஷனும் சரியாக இருந்தது. ஊர் வந்ததும் பம்ப் கடையில் பிரித்தால், பம்பிலிருந்து ஆறாவது பைப்புக்கு டீசலை விடுகிற டெலிவரி வால்வின் ஸ்பிரிங் இரண்டு துண்டு. அந்த உடைந்த ஸ்பிரிங்கை இன்னும் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

*

குன்னூரிலிருந்து, பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்:

எங்களுக்கு மழைக்காலக் காலையில் மட்டும் மிஸ் அடிக்கும், பத்து மணி வெயிலுக்குச் சரியாகிவிடும். பொறி உண்டாக்குகிற பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றியாயிற்று. ஒரு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது ஒயர் பாடியை உரசுகிற இடத்தில் நீல நிறத்தில் பொறி தாவிக்கொண்டே இருந்தது. ஒயர் செட்டை மாற்றியதோடு சரியாகிவிட்டது. மேலே எழுதியிருக்கிறவர் நோட்டு போட்ட மாதிரி நானும் 'காலை, ஈரம்' என்று முதல் வாரமே எழுதிவைத்திருந்தால் அந்தப் பிளக்குகளை வாங்கியிருக்க மாட்டேன்.