இளவேனிலில் பறவைகள்: பார்ப்பதா, படமெடுப்பதா?

கேள்வி:
வணக்கம். ஓராண்டாக பைனாகுலரில் மட்டும் பறவை பார்த்துவந்த நான், இந்த இளவேனிலுக்கென்று 300 மி.மீ. லென்சுடன் ஒரு கேமரா வாங்கினேன். மரங்கொத்தி தட்டும் ஓசையைப் பின்தொடர்ந்து சென்றால், நான் கேமராவை உயர்த்துவதற்குள் அது பறந்துவிடுகிறது. எடுத்த படங்களிலோ பறவை கலங்கலாகவும் முன்னால் இருக்கும் இலை தெளிவாகவும் விழுகின்றன. இந்த அவசரத்தில் பார்க்கும் இன்பமே போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இரண்டையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

மறுமொழி 1:
பறவையைத் துரத்துவதை விட்டு, அது வரும் இடத்தில் அமர்ந்துவிடுங்கள். பகற்பொழுது நீள நீள, பறவைகளின் உடல் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. ஆண் பறவை தனக்கென்று ஓர் எல்லையைப் பிடித்து, விருப்பமான சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வந்து பாடுகிறது. முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் அந்தக் கிளைகளைக் கண்டுகொண்டால், படம் பாதி எடுத்தாயிற்று.

ஊதாத் தேன்சிட்டின் ஆணைத்தான் நான் ஆண்டுதோறும் இப்படிப் பார்க்கிறேன். மார்பின் நடுவே கரிய கோடு மட்டும் ஓடும் மங்கிய கோலத்தைக் களைந்து, திட்டுத்திட்டாகக் கருநீலம் பூண்டுகொண்டு வரும். அந்த மினுக்கம் வெறும் சாயத்தால் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்பும் விதத்தால் வருவது. ஆகையால் எதிர்வெயிலில் கரிக்கட்டையாகத் தெரியும் அதே பறவை, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் ஊதாவும் பச்சையுமாகச் சுடர்விடும். இதைக் கண்ணால் கண்டறிந்தவருக்கு எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

மறுமொழி 2:
இலையில் ஃபோகஸ் போவதைத் தடுக்க, ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து பறவையின் கண்ணில் வையுங்கள். அமர்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/1000 வினாடி, பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி அல்லது அதைவிட விரைவாக இருக்கட்டும். அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டத் தயங்காதீர்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது, கலங்கலைவிட மேல்.

மறுமொழி 3:
ஒன்றே ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: கூட்டை நெருங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், அலகில் புழுவுடன் கிளைக்குக் கிளை தாவிய ஒரு தாய்ப்பறவையை மகிழ்ச்சியோடு படமெடுத்துக்கொண்டிருந்தேன். நான் அகல்வதற்காகவே அது உள்ளே போகாமல் காத்திருந்தது என்பது வெகுநேரம் கழித்தே புரிந்தது. அந்தப் படங்களை அன்றே அழித்துவிட்டேன். தாய் விலகியிருந்தால் முட்டை குளிர்ந்துபோகும். மறைக்கும் இலைகளை ஒதுக்கினால் காகத்துக்கு வழி காட்டியதாகும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆண் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். இல்லாத எதிரியை விரட்டுவதில் அதன் பொழுது வீணாகும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று விடியலில் நாற்பது நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்தேன். மரங்கொத்தி தானாகவே வந்தது. அது இரை தேடவில்லை. உலர்ந்த கிளையில் விரைவாகத் தட்டிவிட்டு அசையாமல் நின்றது. தொலைவில் இன்னொன்று பதிலுக்குத் தட்டியது. தெளிவாகத் தேறிய படம் ஒன்றுதான், ஆனால் அதில் அது கழுத்தைத் திருப்பி அந்த ஓசை வந்த திசையைப் பார்க்கிறது.