அலாஸ்கா குடும்பச் சுற்றுலா: இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம்

பாதசாரி:

அலாஸ்காவில் மனசை அரித்த சம்பவம் ஒன்றை எழுதச் சொன்னால் எல்லாரும் கரடிக் கதையே எழுதுகிறீர்கள். எனக்கு மூஸ், மான் இனத்திலேயே பெரியது.

டெனாலி பூங்கா வாசலுக்கு வெளியே வரிசையாக லாட்ஜுகள் இருக்குமே, அங்கேதான் தங்கல். அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நாங்கள், கூடவே குழுவில் சேர்ந்த முன்பின் தெரியாத ஆட்கள். ஜூன் முதல் வாரம். காலையில் பஸ் ஏற எல்லாரும் வாசலில் நிற்கிறோம். இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் மூஸ் வெளியே வந்தது. பின்னாலேயே செம்பழுப்பில் குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும், கால் இன்னும் பின்னிக்கொண்டிருந்தது.

எங்கள் சுற்றுலா ஒருங்கிணைப்பாளர் உடனே கையைத் தூக்கி, "யாரும் ஓடாதீங்க, கையை விரிச்சுப் பெரிசா காட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார். அக்கா அப்படியே நின்றாள், கைப்பையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. நான் அந்த மூஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் பின்னால் படிந்தது. பிடரி மயிர் எழும்பியது. நாக்கை வெளியே விட்டு உதட்டை நக்கியது. பசி போல என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்!

பஸ் ஓட்டும் அம்மா, உள்ளூர்க்காரர், படியில் நின்று ஒரே கத்து: "ஓடுங்கள்! வேனுக்குப் பின்னால் போங்கள்!" மாமா அக்காவின் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் வேனுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்கள். அக்கா நின்ற இடத்தில் மூஸ் வந்து நின்றது. முன்னங்காலால் தரையை ஒரு அடி. அப்புறம் குட்டியோடு புதருக்குள் போய்விட்டது.

அதெல்லாம் கூடப் போகட்டும். அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒருங்கிணைப்பாளருக்கு எல்லாரும் கைதட்டினார்கள், எங்களைக் காப்பாற்றினாராம். அந்த ஓட்டுநர் அம்மாவுக்கு நாங்கள் ஒரு நன்றி கூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

மலைமுகடு:

பாதசாரி சொன்ன ஒருங்கிணைப்பாளர் மாதிரி ஆட்கள்தான் ஆபத்து. கரடிக்கான விதியை மூஸுக்குச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, தூரத்தில் ஒரு கரடி, பழுப்பாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் போகப் போகிறவர்களுக்காகச் சில விஷயங்களை எழுதியே ஆக வேண்டும்.

மூஸ் என்றால் ஓடலாம், ஓட வேண்டும். அதற்கு உங்களைத் தின்னும் எண்ணம் இல்லை, குட்டியிடமிருந்து விலக்க வேண்டும், அவ்வளவே. கொஞ்ச தூரத்துக்கு மேல் துரத்துவது அபூர்வம். பெரிய மரம், வண்டி, எது கிடைத்தாலும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவில் கரடியால் காயப்படுகிறவர்களைவிட மூஸால் காயப்படுகிறவர்கள் அதிகம். இது தெரியாமல் அதை ஏதோ பெரிய மாடு என்று நினைத்துப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிறார்கள்.

கரடி என்றால் ஓடவே கூடாது. ஓடினால் துரத்தும், அதன் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. நிதானமான குரலில் பேசிக்கொண்டே, கையை மெல்ல ஆட்டி, பின்வாங்க வேண்டும். குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும். பழுப்புக் கரடி தன்னைக் காத்துக்கொள்ளப் பாய்ந்து மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, பின்கழுத்தில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். கருங்கரடி தாக்கினால் கதை வேறு, திருப்பி அடிக்க வேண்டும். டெனாலியில் கரடியிடமிருந்து 300 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. மூஸுக்கு 25 கஜம், குட்டி இருந்தால் அது போதாது என்பேன்.

அப்புறம் கரடி ஸ்பிரே, அதாவது பாய்ந்து வரும் கரடி மேல் அடிக்கிற மிளகாய் மருந்து. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அங்கே போய் வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அது கொசு மருந்து இல்லை, உடம்பில் அடித்துக்கொள்ளக் கூடாது. சிரிக்காதீர்கள், அடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கொசுவுக்கு வேறு மருந்து, முகத்துக்கு வலை. ஜூன், ஜூலையில் வலை இல்லாமல் காட்டுப் பக்கம் வாயைத் திறந்து பேச முடியாது.

ஜன்னலோரம்:

மலைமுகடு, நன்றி, ஆனால் யாரும் கேட்கவில்லையே.

எங்களுடையது பஸ்ஸுக்குள் நடந்தது. பூங்கா சாலை மொத்தம் 92 மைல், சொந்த வண்டி 15வது மைல் வரைதான், அப்புறம் பஸ்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் பக்கம் மண் சரிந்து சாலை போய்விட்டதால் நாங்கள் போனபோது பஸ் 43வது மைலோடு திரும்பிவிட்டது. டெனாலி மலை தெரியவில்லை. போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும் என்பார்கள், நாங்கள் மிச்சத்தில்.

டெக்லனிகா முகாம் தாண்டி, இக்லூ ஓடைப் பக்கம். மிருகம் பார்த்தால் "ஸ்டாப்" என்று கத்த வேண்டும், எந்தப் பக்கம் என்று கடிகார முள் கணக்கில் சொல்ல வேண்டும் என்று ஓட்டுநர் முதலிலேயே சொல்லியிருந்தார். பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். வலது பக்கம் மேட்டில் கரடி, கூட இரண்டு குட்டி. பஸ் நின்றது. எல்லாரும் வலது பக்கம் சாய்ந்தாயிற்று. குரல் உயர்த்தாதீர்கள், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள் என்றார் ஓட்டுநர். கேமரா சத்தம் தவிர ஒன்றுமில்லை. குட்டி ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று பஸ்ஸைப் பார்த்தது, படம் இருக்கிறது.

என் மாமனார் மட்டும் இடது பக்கம் தன் இருக்கையிலேயே இருந்தார். முட்டி வலி, எழுந்து எழுந்து உட்கார முடியாது.

ராத்திரி சாப்பிடும்போது, என் மகன் கரடிப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கையில், அவர் பாட்டுக்குச் சொல்கிறார்: "இந்தப் பக்கம் ஒரு நாய் போச்சு. யாரோ வளக்குறதுதான், கழுத்துல பட்டை இருந்துச்சு. பாவம், தனியா ரோட்டு ஓரமாவே போய்க்கிட்டிருந்துச்சு."

சாப்பாடு அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு பெரிசு மாமா? என் இடுப்பு வரைக்கும் இருக்கும். என்ன நிறம்? சாம்பல், முதுகுல கொஞ்சம் கறுப்பு. வால்? "வாலைத் தூக்கவே இல்ல. நம்மள நிமிர்ந்துகூடப் பாக்கல. பட்டைக்குக் கீழ சின்னதா ஒரு டப்பா தொங்குச்சு." ஏன் மாமா கூப்பிடவில்லை? "எல்லாரும் கரடி பாத்துக்கிட்டிருந்தீங்க. சத்தம் போடக் கூடாதுன்னு வேற சொன்னாரு. நாயைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

பஸ் நிறைய ஆள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலுகால்:

ஜன்னலோரம், ஓநாய் என்று நினைக்கிறீர்கள், அது நாயாகவே இருக்கலாமே. டெனாலியில் ரேஞ்சர்களே, அதாவது பூங்காக் காவலர்களே நாய் வளர்க்கிறார்கள், 1920களிலிருந்து பனிக்காலத்தில் பனிவண்டி இழுக்கும் ஸ்லெட் நாய்களோடுதான் ரோந்து. டெக்லனிகா முகாமில் தங்குகிறவர்கள் சொந்த நாயைக் கூட்டி வரலாம். கழுத்தில் பட்டை, தனியாகப் போகிறது, மனிதரைக் கண்டுகொள்ளவில்லை. ஓநாய் அப்படியா பஸ் பக்கத்தில் நடக்கும்? பெரியவருக்குக் கண் எப்படி என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தூரதேசி:

நாலுகால், பாதி தெரிந்துகொண்டு பேசக் கூடாது. ரேஞ்சர் நாய்கள் இருப்பது பூங்கா தலைமையகம் அருகே, மூன்றாவது மைல் பக்கம். அங்கே போனால் தடவிக்கூடப் பார்க்கலாம், என் மகள் தடவியிருக்கிறாள். அவை முப்பது மைல் தள்ளி ஊர் சுற்றுவதில்லை. முகாமுக்கு வரும் நாய் ஆறடிக் கயிற்றில்தான் இருக்க வேண்டும், அவிழ்த்துவிட்டால் அபராதம்.

டெனாலியில் 1986 முதல் ஓநாய்களுக்கு ரேடியோ பட்டை மாட்டி ஆராய்ச்சி நடக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போட்டு மாட்டுவார்கள். பட்டையின் கீழே இருக்கும் டப்பாவில்தான் பாட்டரியும் கருவியும். சாலையோரம் நடப்பதும் சாதாரணம். புதருக்குள் போவதைவிட அதற்கு அது சுலபம், பஸ்ஸும் பழகிவிட்டது. டப்பாவைக் கவனித்த பெரியவரின் கண்ணுக்கு ஒன்றும் குறையில்லை, உங்கள் கேள்விதான் சரியில்லை.

ஓநாய் பார்ப்பது இப்போது அரிது. பூங்கா எல்லையை ஒட்டி ஓநாய் பிடிக்கத் தடை இருந்த பகுதியை 2010இல் நீக்கிவிட்டார்கள். எல்லை தாண்டினால் கண்ணி. நான் இரண்டு கோடைகளில் போய் ஒரு வாலைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் ஜன்னலோரம் எழுதியதைப் படித்து எனக்கு வயிறு எரிகிறது.

வடதிசை:

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். ஃபேர்பேங்க்ஸிலிருந்து வேனில் ஆர்க்டிக் வட்டம் போய் வருகிற ஒரே நாள் சுற்றுலா. விடிகாலை கிளம்பி ராத்திரி திரும்ப வேண்டும், ராத்திரி என்றால் கடிகாரத்தில் மட்டும், கோடையில் அங்கே இருட்டாது. டால்டன் நெடுஞ்சாலை, பாதிக்கு மேல் சரளைக்கல். எதிரே லாரி வந்தால் கண்ணாடியில் கல் தெறிக்கும். வழி நெடுக, வடக்கிலிருந்து தெற்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் பெரிய குழாய் கூடவே வரும். 115வது மைலில் ஆர்க்டிக் வட்டப் பலகை, எல்லாரும் படம் எடுத்தாயிற்று, சான்றிதழும் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கு எரிச்சல்: "இந்தப் பலகையைப் பாக்கவா இடுப்பு ஒடிய வந்தோம்?"

அந்தப் பெரியம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வழிகாட்டி ஒரு இடத்தில் பாசியை லேசாகப் பிளந்து, கையை உள்ளே விட்டுப் பாருங்கள் என்றார். சின்னப் பிள்ளைகள் விட்டார்கள், கத்தினார்கள். பெரியம்மா முழங்காலிட்டு, வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கை வரை விட்டார். மேலே வெயில், கொசு மொய்க்கிறது. உள்ளே முதலில் ஈரம், அப்புறம் சில்லென்று மண், அப்புறம் விரல் ஐஸில் முட்டுகிறது. கையை எடுக்கவே இல்லை. "ஃப்ரீசர் மேல நின்னுக்கிட்டிருக்கோம்டா" என்றார். குழாயை ஏன் பாதி தூரத்துக்கு மேல் காலில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அதற்கப்புறம் அவரே எங்களுக்கு விளக்கினார். எண்ணெய் சூடாக வரும், தரையில் கிடத்தினால் கீழே உறைந்த மண் இளகிக் குழாய் அமிழ்ந்துவிடும். தூண்களுக்குள்ளும் சூட்டை வெளியே தள்ள ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதைத்தான் தூண் தலையில் இதழ் இதழாகப் பார்க்கிறோம்.

பக்கத்தில் மணிக்கட்டு கனத்தில் கறுப்பு ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள். இதற்கு நூறு வயசுக்கு மேல் இருக்கும் என்றார் வழிகாட்டி. வேர் விட இடமில்லை, அதனால் வளர்வதே இல்லை. பெரியம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், எழுந்ததும் அதைத் தட்டிக் கொடுத்தார். நான் அந்த நேரம் பார்த்துப் பலகைப் பக்கம் வரிசையில் நின்றவர்களோடு தகராறு செய்துகொண்டிருந்த பெரியப்பாவைச் சமாதானப்படுத்தப் போய்விட்டேன். மரத்தைத் தட்டிக் கொடுத்ததை என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

கடைசி இருக்கை:

விட்டியர் என்ற துறைமுக ஊருக்குப் போகும் சுரங்கப்பாதையில் மாட்டிய கதை யாருக்காவது இருக்கிறதா? நாலு கிலோமீட்டர், ஒரே தடம், ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் போகும். ஆங்கரேஜ் பக்கமிருந்து உள்ளே போக அரை மணிக்கு ஒரு முறை, வெளியே வர முழு மணிக்கு ஒரு முறை. எங்கள் குழுவில் ஒரு மாமா கடையில் காந்த பொம்மை பேரம் பேசி எங்கள் முறையைத் தவறவிட வைத்தார். அடுத்த முறை ஒரு மணி நேரம் கழித்து. பனிப்பாறை பார்க்கும் படகு காத்திருக்காது, போய்விட்டது. சுற்றுலா நிறுவனம் பணம் திருப்பித் தரவில்லை, குழு தாமதம் குழுவின் பொறுப்பாம்.

அதனால் நாங்கள் விட்டியரில் சும்மா நின்றோம். ஊர் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பதினாலு மாடிக் கட்டடத்தில் வசிக்கிறது. துறைமுகத்து ஓரம் தண்ணீரில் ஒரு கடல் நீர்நாய் மல்லாக்கக் கிடந்து, வயிற்றில் வைத்துச் சிப்பியை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. டக் டக் என்று சத்தம் கேட்டது, அவ்வளவு பக்கம். பேரம் பேசிய மாமா அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையை என் மகளிடம் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

நாலுகால், நீங்கள் கேட்டதற்கும் ஒன்று: குழுச் சுற்றுலாவில் பெரியவர்களின் கண்ணைச் சந்தேகப்படுவதைவிட அவர்களுக்கு இரண்டு பக்க ஜன்னலும் தெரிகிற இருக்கையாகப் பார்த்துக் கொடுங்கள். பஸ்ஸின் முன் வரிசை நல்லது. முதலிலேயே சொல்லி வைத்தால் ஓட்டுநர்களே உட்கார வைக்கிறார்கள்.