ஒற்றை மாவில் போட்டால் கறிபாப் இல்லையா?

கெலிம் கை:
நேற்று கறிபாப், அதாவது மசாலாக் கிழங்கை மாவில் வைத்து மடித்துப் பொரிக்கிற பலகாரம் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சுழல் சுழலாக அடுக்குத் தெரிந்தால்தான் கறிபாப். சீனர் மாவும் நம் மசாலாவும் கலந்த பலகாரம் அது. ஒற்றை மாவில் செய்வதெல்லாம் பொரித்த சப்பாத்தி." இப்படி எழுதியிருக்கிறார் ஒருவர்.

இருபத்திரண்டு வருடமாக ஒற்றை மாவில்தான், அதாவது ஒரே ஒரு மாவு பிசைந்துதான் போடுகிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மடித்து, ஆறரைக்கெல்லாம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தனை வருடமும் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கியது பொரித்த சப்பாத்தியா?

ஒற்றை மாவின் உயிரே சூடான எண்ணெய்தான். அரைக் கிலோ கோதுமை மாவில் உப்புக் கலந்து, நடுவில் குழி பறித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெய் 120 மில்லி ஊற்ற வேண்டும். ஊற்றியதும் மாவு சொர்ரென்று நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் அந்த மாவு தேறாது. கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்தபின் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். ஆறின பிறகும் மொறுமொறு என்று இருக்கும்.

ஜொகூர் வேலன்:
"ஒருவர்" என்று எதற்கு மறைக்கிறீர்கள் அக்கா? எழுதியது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். சூடான எண்ணெய் ஊற்றினால் மொறுமொறுப்பு வரும், அடுக்கு வராது. அடுக்குக்குத் தண்ணீர் மாவு ஒன்று, கொழுப்பு மாவு ஒன்று வேண்டும். கொழுப்பு மாவில் மாவு இரண்டு பங்கு, கொழுப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. ஒன்றை இன்னொன்றுக்குள் பொதிந்து, தேய்த்து, பாய் மாதிரிச் சுருட்டி, மறுபடி தேய்த்துச் சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டினால் சுழல் தெரியும். தியோச்சியூ சீனர்கள் சேப்பங்கிழங்கு நிலா அப்பத்துக்குச் செய்கிற அதே வேலை. அதற்குள் நம் கறி மசாலா உருளைக்கிழங்கு. இரண்டு சமையல் கலந்தது என்றால் இதுதான்.

கெலிம் கை:
நான் கேட்டது நுரையைப் பற்றி. நீங்கள் பாய் சுருட்டப் போய்விட்டீர்கள். சூடான எண்ணெய் மாவுத் துகள் ஒவ்வொன்றையும் பூசிவிடுகிறது. தண்ணீர் உள்ளே போய் மாவை ரப்பராக்க முடியாது. இதை மறுக்கிறீர்களா, இல்லையா?

பட்டர்வொர்த் கடாய்:
இருவரும் முதலில் கறிபாப் என்றால் எது என்று சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே? மலாய்க்காரர்கள் இதே மாதிரி மடித்துப் பொரித்து எப்போக் எப்போக் என்கிறார்களே, அதைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தெரிந்து இது வெள்ளைக்காரன் மாவுக்குள் இறைச்சி வைத்து மூடுகிற பாஸ்டி. ஓரத்தைத் திருகி மடிப்பதே அங்கிருந்து வந்ததுதான்.

ஜொகூர் வேலன்:
இங்கிலாந்தின் கார்ன்வால் பாஸ்டி ஓவனில் சுடுவது, எண்ணெயில் போடுவதில்லை. உள்ளே மாட்டிறைச்சியும் கிழங்கும் பச்சையாகவே வைத்து மூடுவார்கள். 2011ல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த புவிசார் குறியீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன உறவு?

பட்டர்வொர்த் கடாய்:
அப்படியென்றால் போர்த்துக்கீசியர். 1511லேயே மலாக்காவைப் பிடித்தவர்கள். மாவுக்குள் கறி வைத்து மூடுகிற எம்பாடா அவர்களுடையதுதானே?

தைப்பிங் மழை:
சமோசாவை எல்லாரும் மறந்தாச்சு. நம் பலகாரம் ஒன்று நன்றாக இருந்தால் உடனே வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வேலன், பொரித்த சப்பாத்திக்குப் பூரி என்று பெயர். திட்டுவதையாவது சரியாகத் திட்டுங்கள்.

கெலிம் கை:
யார் கொண்டு வந்தாலும் எனக்குக் கவலையில்லை. வேலன் இன்னும் பதில் சொல்லவில்லை. நுரைத்த மாவில் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? மேல்தோலில் கடுகளவு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். அந்தக் கொப்புளம்தான் அடையாளம். சுழலைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

ஜொகூர் வேலன்:
கொப்புளம் வேறு, அடுக்கு வேறு. எத்தனை தடவை சொல்வது?

சார்டின் டின்:
உள்ளே வைப்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. டின் சார்டின், பெரிய வெங்காயம், மிளகாய் விழுது, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. எந்த மாவானாலும் எனக்குச் சரிதான்.

தைப்பிங் மழை:
சார்டின் வைத்தால் அது கறிபாப்பா? உருளைக்கிழங்கும் கால் துண்டு அவித்த முட்டையும் இருக்க வேண்டும்.

சார்டின் டின்:
முட்டையா? இரண்டு கடியில் தீர்ந்துபோகும், மீதியெல்லாம் வெறும் கிழங்கு.

தைப்பிங் மழை:
வாங்குகிறவனுக்கு முட்டையாவது கண்ணில் படும். சார்டினில் முள்தான் படும்.

பட்டர்வொர்த் கடாய்:
வேலன், ஒரு சந்தேகம். அந்தக் கொழுப்பு மாவில் நீங்கள் போடுவது என்ன? சீனர் முறையில் பன்றிக்கொழுப்புத்தானே? அதை யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியுமா?

ஜொகூர் வேலன்:
நான் போடுவது நெய். சில சமயம் மார்ஜரின். பன்றிக்கொழுப்பு என் சமையலறைக்குள் வந்ததே இல்லை. கேட்காமலே முடிவு கட்டுவது உங்களுக்குப் பழக்கம். போன தீபாவளிக்கு என் அதிரசத்தைப் பார்த்து "கடையில் வாங்கியது" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை.

பட்டர்வொர்த் கடாய்:
எல்லாம் ஒரே அளவில் இருந்ததால் கேட்டேன். அது பாராட்டு.

கெலிம் கை:
நெய் போடுகிறாராம். நெய்யைக் காய்ச்சி ஊற்றுகிறாரா, உறைந்ததைப் போடுகிறாரா? காய்ச்சி ஊற்றினால் அவரும் என் வழிக்கு வந்துவிட்டார்.

ஜொகூர் வேலன்:
உறைந்த நெய்தான். காய்ச்சிய நெய் அடுக்குக்கு நடுவில் தனியாக நிற்காது, மாவுக்குள் இறங்கிவிடும். அது தனியாக நின்றால்தான் பொரிக்கும்போது தண்ணீர் மாவிலிருந்து கிளம்புகிற ஆவி அடுக்கைத் தூக்கும். பொரிப்பதிலும் பொறுமை வேண்டும். மிதமான சூட்டில், 150 டிகிரி பக்கத்தில் போட்டு, அடுக்கு மெல்ல மலர்ந்த பிறகு தீயைக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வெளியே சிவந்துவிடும், நடு அடுக்கு பச்சை மாவாகவே இருக்கும்.

தைப்பிங் மழை:
மிதமான சூட்டில் அவ்வளவு நேரம் கிடந்தால் எண்ணெய் குடிக்காதா? நான் வாங்கிய சுழல் கறிபாப் எல்லாம் காகிதத்தை நனைத்துவிட்டது.

ஜொகூர் வேலன்:
கடைசியில் தீயைக் கூட்டாமல் எடுத்திருப்பார்கள். அது செய்தவர் தப்பு, மாவின் தப்பில்லை.

கெலிம் கை:
என் மாவில் இந்தத் தொல்லையே இல்லை. 170, 180 டிகிரி காய்ச்சலில் போட்டால் ஆறேழு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே வைக்கும் கிழங்கு சுத்தமாக ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவே கிளறி வைத்துவிடுவேன். கிழங்கை மசிக்காமல் சின்னச் சதுரமாக நறுக்கி, ஈரம் போகும்வரை மசாலாவில் புரட்ட வேண்டும். சூட்டோடு வைத்து மூடினால் ஆவி கெலிமை, அதாவது ஓரத்துத் திருகு மடிப்பைப் பிளந்துகொண்டு வரும், எண்ணெய் முழுக்க மசாலாவாகிவிடும். கெலிம் மடிக்கக் கட்டைவிரல் நகம் படக்கூடாது, சதைதான் பட வேண்டும். இதெல்லாம் கை சொல்லிக் கொடுப்பது.

சார்டின் டின்:
எனக்கும் போன வாரம் நாலு பிளந்துவிட்டது. சார்டினை வடிகட்டாமல் வைத்தது தப்பு போல.

ஜொகூர் வேலன்:
கெலிம் அழகாக இருக்கிறது என்று அடுக்கு வந்துவிடாது அக்கா. உங்கள் கறிபாப்பைக் குறுக்கே வெட்டிப் படம் போடுங்கள். அடுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம்.

கெலிம் கை:
படம் எதற்கு? கடித்தால் காதுக்குக் கேட்கும். நாளைக்கு நூற்றைம்பது போட வேண்டும், எண்ணெய் காய வைக்கப் போகிறேன். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைந்து பார்த்தீர்களா? நுரைத்ததா, இல்லையா?

ஜொகூர் வேலன்:
நுரைத்தது. அடுக்கு வரவில்லை.

கெலிம் கை:
அப்படியென்றால் எண்ணெய் போதுமான அளவு காயவில்லை.