கைண்ட் ஆஃப் ப்ளூ எல்பி முதல் பக்கம் சுருதி ஏறி கேக்குது, சிடில சரியா இருக்கு. டர்ன்டேபிள் பிரச்சனையா?

ஜெலுத்தோங்_33:
வணக்கம் எல்லாருக்கும், பினாங்குல இருந்து எழுதுறேன். லோரோங் கூலிட் சந்தைல ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ எல்பி கிடைச்சுச்சு. கொலம்பியா கம்பெனி அமெரிக்காவுல அச்சடிச்ச பிரஸ், சிவப்பு லேபிள், 70கள்ல போட்டதா இருக்கணும். கவர் ஓரத்துல பூஞ்சை ஏறியிருக்கு ஆனா தட்டு கீறல் இல்லாம பளபளன்னு இருக்கு, பார்த்ததும் விட மனசு வரல. இதே ஆல்பம் 1997 ரீமாஸ்டர் சிடி எங்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கு, ஒவ்வொரு நோட்டும் மனப்பாடம்.

பிரச்சனை என்னன்னா எல்பில முதல் பாட்டு சோ வாட் போட்டா கொஞ்சம் வேகமா, கொஞ்சம் மேல ஏறின மாதிரி கேக்குது. நானா நினைச்சிக்கிறேன் போலன்னு விட்டுட்டேன், ஆனா மக வயலின் கத்துக்கிறா, அவ சுருதிப்பெட்டிய ரெண்டு கட்டைல (டி சுருதி) வச்சிட்டு "அப்பா, சிடி சேருது, ரெக்கார்ட் சேரலப்பா"ன்னு சொல்லிட்டா. ரெண்டு கட்டைக்கும் ரெண்டரைக்கும் நடுவுல எங்கயோ நிக்குது.

டர்ன்டேபிள் ஜப்பான்ல இருந்து வந்த செக்கண்ட் ஹேண்ட், பெல்ட் டிரைவ், 100 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுறேன். பிட்ச் அட்ஜஸ்ட் பண்ற திருகு எதுவும் இல்ல. ரிப்பேர் கடைல கேட்டா மோட்டார் மாத்தணும்னு சொல்றாங்க, 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஆகுமாம். மாத்துறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்.

பத்துமலை_ஹைஃபை:
ஜப்பான் மெஷின்னா முதல்ல மோட்டார் புல்லிய, அதாவது பெல்ட் மாட்டுற சின்ன சக்கரத்த, பாருங்க பாஸ். ஜப்பான்ல டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60, நம்ம நாட்டுல எல்லா இடமும் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டதான் குறைக்கும், ஹெர்ட்ஸ தொடாது. பழைய பெல்ட் டிரைவ்ல ஏசி மோட்டார் கரண்டோட ஹெர்ட்ஸ பார்த்துதான் சுத்தும், அதனால 60க்கு உள்ள புல்லி மாட்டியிருந்தா இங்க ஸ்பீட் தப்பா வரும். மெஷின் ஒசாகா பக்கத்துல இருந்து வந்ததோ என்னமோ.

ஊசிமுனை:
பத்துமலை சொல்றது சரியான விஷயம்தான், ஆனா இந்த கேஸ் அது இல்லன்னு தோணுது. 60 ஹெர்ட்ஸ் புல்லிய இங்க ஓட்டினா ஆறுல ஒரு பங்கு ஸ்பீட் போயிடும், ரெண்டு கட்டை பாட்டு கீழ ஏழு கட்டைக்கு இறங்கிடும், ஆளே தூங்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும், அத கண்டுபிடிக்க சுருதிப்பெட்டியே தேவையில்ல. இவருக்கு இறங்கல, ஏறுது, அதுவும் கொஞ்சமா. பெல்ட் தளர்ந்தாலும் ஸ்பீட் குறையும் இல்லன்னா ஆடும், ஏறாது. தட்டோட நடு ஓட்டை தள்ளி இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் பியானோ நீட்டி பிடிக்கிற நோட் அலை மாதிரி மேலயும் கீழயும் போகும், உங்களுக்கு ஒரே நிலையா நிக்குதுன்னு சொல்றீங்க.

எதுக்கும் ஸ்ட்ரோப் டிஸ்க், அதாவது ஸ்பீட் சரிபாக்குற கோடு போட்ட வட்டம், ஒண்ணு பிரின்ட் பண்ணி சுத்துற தட்டு மேல வச்சு பாருங்க. 33⅓க்கு 180 கோடு இருக்கிற வளையத்த பாக்கணும், 216 கோடு இருக்கிறது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு. கோடு அசையாம நின்னா ஸ்பீட் சரி. எல்இடி லைட்டுல நிறைய மாடல் துடிக்காது, அதுல ஒண்ணும் தெரியாது, பழைய டியூப் லைட் இல்ல குண்டு பல்பு வெளிச்சத்துல பாருங்க.

பழைய_பிளேட்:
தம்பி, மோட்டார்ல கை வைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. தட்ட திருப்பி போட்டு ரெண்டாவது பக்கம் முதல் பாட்டு, ஆல் ப்ளூஸ், அத கேளுங்க. சுருதிப்பெட்டி அஞ்சு கட்டை. சேருதா சேரலையான்னு மட்டும் சொல்லுங்க.

ஜெலுத்தோங்_33:
அண்ணே!! அச்சு அசலா சேருது. சிடியும் எல்பியும் ஆல் ப்ளூஸ்ல ஒரே சுருதி. திருப்பி முதல் பக்கம் போட்டா மறுபடியும் ஏறிடுது. ஃப்ரெடி ஃப்ரீலோடர், ப்ளூ இன் க்ரீன் ரெண்டும் அப்படித்தான். அடுப்படி டியூப் லைட் கீழ கொண்டு போய் வச்சு ஸ்ட்ரோப்பும் பார்த்தேன், 180 கோடு நின்ன இடத்துலயே நிக்குது. ஒரே மெஷின், ஒரே தட்டு, எப்படி அண்ணே ஒரு பக்கம் மட்டும்?

பழைய_பிளேட்:
உங்க மெஷின் நல்லா இருக்கு. உங்க மகளோட காது அதைவிட நல்லா இருக்கு, அவளுக்கு என் வாழ்த்து சொல்லுங்க.

விஷயம் இதுதான். இந்த ஆல்பம் நியூயார்க்ல கொலம்பியாவோட 30வது தெரு ஸ்டுடியோல 1959ல ரெண்டு நாள்ல பதிவு பண்ணது. மார்ச் 2ஆம் தேதி சோ வாட், ஃப்ரெடி ஃப்ரீலோடர், ப்ளூ இன் க்ரீன், அதாவது முதல் பக்கம் முழுசும். ஏப்ரல் 22ஆம் தேதி மத்த ரெண்டும். 3-டிராக் டேப்ல எடுத்தாங்க, ஒரு மெஷின் மாஸ்டருக்கு, இன்னொரு மெஷின் பாதுகாப்புக்கு பக்கத்துலயே ஓடுது. மார்ச் 2 அன்னிக்கு அந்த மாஸ்டர் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, யாரும் கவனிக்கல. மெதுவா ஓடின டேப்ப அப்புறம் சரியான ஸ்பீட்ல ஓடுற மெஷின்ல போட்டா என்ன ஆகும், பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். அதுல இருந்துதான் எல்பிக்கு வரி வெட்டினாங்க. 1959 ஆகஸ்ட்ல வந்த முதல் தட்டுல இருந்து உங்க சிவப்பு லேபிள் வரைக்கும் எல்லாம் அப்படித்தான், ஆரம்பத்துல வந்த சிடியும் அதே. 1992 மறுவெளியீட்டுக்குதான் அந்த பாதுகாப்பு டேப்ப எடுத்து போட்டு பார்த்து சரியான வேகத்துல கொண்டு வந்தாங்க. உங்க 97 சிடி அந்த 3-டிராக்ல இருந்து திரும்ப மிக்ஸ் பண்ணி வேகமும் திருத்தினது.

இன்னொரு விஷயம், ரொம்ப பழைய பிரஸ் சிலதுல ரெண்டாவது பக்கம் பேர் மாறி ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ் முதல்ல இருக்கிற மாதிரி அச்சடிச்சிருப்பாங்க. அந்த மாதிரி தட்டுல இந்த சோதனை செஞ்சா லேபிள நம்பாதீங்க, முதல்ல வர்றது எப்பவும் ஆல் ப்ளூஸ்தான்.

பத்துமலை_ஹைஃபை:
அடேங்கப்பா இத்தன வருஷம் கேக்குறேன் எனக்கு தெரியாது லா. அப்போ எது "உண்மையான" கைண்ட் ஆஃப் ப்ளூ? 33 வருஷம் உலகம் பூரா கேட்டது அந்த வேகமானதுதானே, ட்ரம்பெட் சத்தத்துல ஒரு துடிப்பு இருக்கும் அதுல, சிடில அது கொஞ்சம் அடங்கின மாதிரி எனக்கு.

ஊசிமுனை:
எனக்கு சந்தேகமே இல்ல, திருத்தினதுதான். காரணம் பில் எவன்ஸோட பியானோ. ட்ரம்பெட், சாக்ஸ் எல்லாம் வாய்ல கொஞ்சம் ஏத்தி இறக்கலாம், பியானோ ட்யூன் பண்ண இடத்துலதான் நிக்கும். அதே ஸ்டுடியோல ஏப்ரல்ல எடுத்த பக்கத்துல பியானோ சரியான சுருதில நிக்குது, திருத்தின முதல் பக்கமும் அதோட வந்து சேருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். கோல்ட்ரேன் சோ வாட்ல சோலோ ஆரம்பிக்கிற இடத்த திருத்தின பதிவுல கேளுங்க, டெனர் சாக்ஸோட கனம் அடிவயித்துல இருந்து வருது, வேகமான தட்டுல அது கொஞ்சம் மெலிஞ்சு போயிடும். பால் சேம்பர்ஸ் பேஸும் அப்படித்தான்.

ரெண்டு_கட்டை:
நான் ஜாஸ் கலெக்டர் இல்ல, கேஎல்ல (கோலாலம்பூர்) வாய்ப்பாட்டு சொல்லிக்குடுக்கிறேன், பிரிக்பீல்ட்ஸ் பக்கம். அண்ணா, உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க. சோ வாட் டி டோரியன்ங்கிற மேற்கத்திய ஸ்கேல்னு சொல்வாங்க, அந்த ஸ்வரம் ஏழும் அப்படியே நம்ம கரகரப்ரியா, ரெண்டு கட்டைய சட்ஜமா வச்சா போதும். 16 பார் (தாளச் சுற்று) அதுல ஓடும், அப்புறம் 8 பார் எல்லாத்தையும் தூக்கி ரெண்டரை கட்டைல வைப்பாங்க, திரும்ப 8 பார் ரெண்டு கட்டை. கமகம் போடாம நேர் ஸ்வரமா வாசிச்சு பழகச் சொல்லுங்க, அந்த ரெண்டரைக்கு மாறுற இடம் பிடிபட கொஞ்சம் நாள் ஆகும். ஆனா எல்பியோட சேர்ந்து வாசிக்க வேணாம், தந்திய பாதி பாதியா ஏத்தி பழகினா பிள்ளையோட சுருதி ஞானம் குழம்பிடும். சிடிதான் அதுக்கு.

ஜெலுத்தோங்_33:
அக்கா ரொம்ப நன்றி, கரகரப்ரியான்னு சொன்னதும் அவ உடனே வில்ல எடுத்துட்டா. மோட்டார் வேணாம்னு கடைல சொல்லிட்டேன். அந்த காசுக்கு சரியான வேகத்துல ஒரு எல்பியும் வேற ஏதாவது ஜாஸ் ரீஇஷ்யூவும் வாங்கலாம்னு இருக்கேன், அடுத்த மாசம் கேஎல் வர்றேன். என்ன பார்த்து வாங்கணும்?

பழைய_பிளேட்:
வார இறுதில வாங்க, பிஜே (பெட்டாலிங் ஜெயா) ஆம்கார்ப் மால் சந்தைல தட்டு விக்கிறவங்க உக்காந்திருப்பாங்க. கைண்ட் ஆஃப் ப்ளூ புதுசு எடுத்தா ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயோ பின்னட்டையிலயோ வேகம் திருத்தினதுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. போடலன்னா போட்டு காட்டச் சொல்லி கேளுங்க, ஃபோன்ல தம்பூரா ஆப் ரெண்டு கட்டைல வச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மத்தபடி ப்ளூ நோட்ங்கிற ஜாஸ் கம்பெனி தட்டு பிடிக்கும்னா அவங்க டோன் போயட் ரீஇஷ்யூ வரிசைய கண்ணை மூடிட்டு எடுக்கலாம். 2019ல ஆரம்பிச்சது, ஜோ ஹார்லி பொறுப்புல வருது, கெவின் கிரே ஒரிஜினல் அனலாக் டேப்ல இருந்து நேரா வெட்டுறாரு. விலை இருக்கும், ஆனா தட்டு அமைதியா ஓடும், கவர் அட்டையும் கெட்டி. பட்ஜெட் இடிச்சா அதே கம்பெனியோட கிளாசிக் வினைல் வரிசை, சிங்கிள் அட்டை, சத்தத்துல பெரிய குறை சொல்ல மாட்டேன். பழைய ப்ளூ நோட் கண்ணுல பட்டா லேபிளுக்கு பக்கத்துல வரி இல்லாத இடத்துல வேன் கெல்டர்னு முத்திரை இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, இருந்தா ரெக்கார்டிங் இன்ஜினியர் ரூடி வேன் கெல்டரே வெட்டினது.

உங்க சிவப்பு லேபிள வித்துடாதீங்க. பூஞ்சை பிடிச்ச கவர தனியா வைங்க, தட்ட புது உள்ளுறைல போட்டு வைங்க, பினாங்கு ஈரத்துக்கு ஒண்ணுல இருந்து எல்லாத்துக்கும் பரவிடும்.

ஜெலுத்தோங்_33:
கண்டிப்பா விக்க மாட்டேன் அண்ணே. உள்ளுறை இன்னிக்கே மாத்திடுறேன். ஆம்கார்ப் வர்ற தேதிய இங்கயே போடுறேன், யாராச்சும் வந்தா சேர்ந்து தேடலாம்.

பத்துமலை_ஹைஃபை:
நான் வர்றேன் பாஸ், தேதி மட்டும் போடுங்க.