21 இலக்க எண்ணின் கடைசி ஆறு இலக்கம் பூஜ்ஜியமாகிவிடுகிறது, உதவுங்கள்

பாலக்கோடு கணக்கு:
வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கணித மன்றத்துக்காக 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணை எடுத்திருக்கிறோம்: 147573952589676412927. இதைப் பகா எண் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் பட்டியலில் சேர்த்தார். 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். அந்தப் பெருக்கலை எக்செலில் போட்டால் 147573952589676000000 என்று வருகிறது. "அப்போ பத்தால வகுபடுமே சார்" என்கிறான் ஒரு பையன். லேப் கணினி பழசு, அதனாலா?

ஓசூர் ஷிப்ட்:
இல்லை சார், புதுசு வாங்கினாலும் இதேதான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்துக்குப் பூஜ்ஜியம் போட்டுவிடும். போனில் பைத்தான் என்ற நிரல்மொழிக்கான ஆப் இருந்தால் அதில் போடுங்கள், முழு எண் எவ்வளவு நீளமானாலும் முழுசாக வரும். வகுக்கும்போது மட்டும் இரட்டைச் சாய்கோடு போடுங்கள். ஒற்றைக் கோடு போட்டால் தசமமாகி அங்கேயும் கடைசி இலக்கங்கள் போய்விடும்.

பாலக்கோடு கணக்கு:
லேபில் போனுக்கு அனுமதி இல்லை. கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கியும் பார்த்தேன். எண் முழுசாக நிற்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய கதைதான்.

ஊத்தங்கரை டீச்சர்:
சார், பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம். ஏ1-இல் 1 போடுங்கள். ஏ2-இல் மேல் கட்டத்தை இரட்டித்து, 193707721-ஆல் வகுத்த மீதியை மாட் (MOD) சூத்திரத்தால் எடுங்கள். அப்படியே ஏ68 வரை இழுங்கள். ஏ28-இல் 134217728 இருக்கும், ஏ29-இல் முதல்முறை கழிந்து 74727735 ஆகும். ஏ68-இல் 1 வந்தால், 2-இன் 67ஆம் அடுக்குக்கு மீதி 1. ஒன்று குறைத்தால் மீதியே இல்லை. எந்தக் கட்டத்திலும் ஒன்பது இலக்கத்தைத் தாண்டாது.

ஆனால் இது சரிபார்க்க மட்டும்தான், காரணியைக் கண்டுபிடிக்க உதவாது. இது பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-லேயே நிரூபித்தார், ஒரு காரணிகூடத் தெரியாமல்! எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஓசூர் ஷிப்ட்:
அப்போ கோல் ஒவ்வொரு எண்ணாகவா வகுத்துப் பார்த்தார்?

ஊத்தங்கரை டீச்சர்:
தேவையில்லை தம்பி. 67 பகா எண் என்பதால், இதன் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 193707721 என்பது 134 × 1445580 + 1. மற்ற எண்களையெல்லாம் தள்ளிவிடலாம்.

பாலக்கோடு கணக்கு:
ஏ68-இல் 1 வந்துவிட்டது மேடம். பக்கத்து வரிசையில் 761838257287-க்கும் போட்டேன், அதிலும் 1. ஆனால் ரெண்டும் தனித்தனியாக வகுக்கிறது என்பதால் பெருக்கலும் சரியென்று சொல்லிவிட முடியுமா?

ஊத்தங்கரை டீச்சர்:
முடியும். ரெண்டும் வெவ்வேறு பகா எண்கள், அதனால் பெருக்குத்தொகையும் மீதியில்லாமல் வகுக்கும். அப்போது நம் எண் அதன் ஒரு மடங்கு, அல்லது இரண்டு, மூன்று மடங்கு. எக்செல் காட்டிய முதல் 15 இலக்கமும் ஒத்துப்போகிறதே, இலக்க எண்ணிக்கையும் அதே 21தானே. ஒரு மடங்குதான், வேறு வழியில்லை.