லைன் ஃபாலோவர் கையில புடிச்சா சுத்துது, தரையில விட்டா ரீசெட் ஆகுது

பல்சக்கரம்:
போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, செலவு ரொம்ப இழுக்காம ஒரு லைன் ஃபாலோவர் (தரையில போட்ட கோட்ட பாத்து தானா ஓடுற ரோபோ வண்டி) பண்ணிட்டிருக்கேன். ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டார ஓட்ட எல்298என் டிரைவர், அந்த மஞ்ச கலர் கியர் மோட்டார் ரெண்டு, கோட்ட பாக்க ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் ரெண்டு, 9 வோல்ட் பேட்டரி, பாடிக்கு பழைய சிடி. யூஎஸ்பி சொருகி கையில தூக்கி புடிச்சா சக்கரம் ஜம்முனு சுத்துது, கேபிள கழட்டி தரையில விட்டா ரெண்டு செகண்ட்ல போர்டு ரீசெட். தப்பித்தவறி ஓடுனாலும் பாம்பு மாதிரி நெளிஞ்சு வளைவுல வெளிய போயிடுது. புரோகிராம பத்து தடவ மாத்தியாச்சு. போர்ட மாத்தி இஎஸ்பி32 வாங்கிடலாமா?

சால்டர்புகை:
போர்டு மேல ஒரு தப்பும் இல்ல ப்ரோ, அந்த காச பேட்டரில போடுங்க. அந்த சதுர 9 வோல்ட் பேட்டரி ஸ்மோக் அலாரம் மாதிரி கொஞ்சமா கரண்ட் குடிக்கிற சாமானுக்குதான், உள்ள ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, மோட்டாரோ கிளம்புற அந்த நொடியில ஓடுறப்ப இழுக்குறத விட பல மடங்கு இழுக்கும், வோல்டேஜ் தொபுக்குனு விழும், போர்டு ரீசெட் ஆகும். கையில புடிச்சப்ப சக்கரத்துக்கு லோடு இல்ல, போர்டும் யூஎஸ்பிலேந்து தின்னுச்சு, அதான் தெரியல. ரெண்டு 18650 செல்ல (சார்ஜ் பண்ற லித்தியம் செல்) சீரிஸ்ல போடுங்க, 7.4 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 8.4.

எல்298என்ன தூக்கி போட சொல்லுவாங்க, கேக்காதீங்க. அது ஏறக்குறைய 2 வோல்ட்ட முழுங்கும், ஒத்துக்கறேன், ஆனா உங்க மஞ்ச மோட்டார் 3லேந்து 6 வோல்ட்தானே, மிச்சம் அஞ்சு சொச்சம் சரியாதான் இருக்கும்.

நடுக்கோடு:
தூக்கி போட சொல்ற ஆள் நான்தான் 😄 டிபி6612னு இன்னொரு மோட்டார் டிரைவர் போட்டா சூடாகாது, வெயிட்டும் கம்மி. ஆனா இந்த மூணு வாரத்துல வேணாம், சரி.

நெளியறதுக்கு காரணம் ரெண்டு சென்சார். கோட்டுல இருக்கியா இல்லையானுதான் அதுக்கு தெரியும், எவ்ளோ விலகிருக்குனு தெரியாது. அஞ்சு அனலாக் சென்சார் (ஆமா இல்லைனு மட்டும் சொல்லாம அளவா சொல்றது) போடுங்க (எட்டு வாங்கிடாதீங்க, ஊனோல அனலாக் பின்னே ஆறுதான்), கோடு எந்த பக்கம் எவ்ளோ தள்ளிருக்குனு ஒரு நம்பர் எடுத்து பிடி கன்ட்ரோல் எழுதுங்க, அதாவது விலகுன அளவுக்கு ஏத்த மாதிரி திருப்புறது (அத எவ்ளோனு சொல்ற எண் கேபி), விலகல் மாறுற வேகத்த பாத்து ஆட்டத்த அடக்குறது (அதுக்கான எண் கேடி). மொதல்ல கேடிய சைபர்ல வெச்சு கேபிய வண்டி ஆட ஆரம்பிக்கிற வரைக்கும் ஏத்துங்க, அப்புறம் ஆட்டம் அடங்குற வரைக்கும் கேடி.

அப்புறம் ஒண்ணு, புரோகிராம்ல திரும்பத் திரும்ப ஓடுற லூப்ல சீரியல் பிரின்ட் (கம்ப்யூட்டருக்கு எழுத்து அனுப்புற வரி) இருக்கா?

பல்சக்கரம்:
இருக்கு, சென்சார் வேல்யூ பாக்க போட்டது, 9600 பாட் வேகத்துல.

நடுக்கோடு:
எடுத்துடுங்க. 9600ல ஒரு எழுத்து போக 1 மில்லிசெகண்ட் ஆகும், அனுப்ப வேண்டிய எழுத்து காத்திருக்குற பஃபர் நிரம்புனா புரோகிராம் அங்கயே நின்னுடும். இருபது எழுத்துன்னா 20 மில்லிசெகண்ட், செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல போற வண்டி அதுக்குள்ள 2 சென்டிமீட்டர் கண்ண மூடிட்டு போயிருக்கும், கோட்டோட அகலமே கிட்டத்தட்ட அவ்ளோதான்.

பல்சக்கரம்:
அப்டேட்: பேட்டரி மாத்துனேன், நேத்து சாயங்காலத்துலேந்து ஒரு ரீசெட் கூட இல்ல!! அஞ்சு சென்சாரும் போட்டாச்சு, நேர் கோட்டுல ஆடாம போகுது. ஆனா ஜன்னல் பக்கம் வெயில் விழற இடத்துல மட்டும் தடுமாறுது.

சால்டர்புகை:
வெயில்லயும் ஐஆர் இருக்குல்ல. சென்சார சுத்தி கருப்பு அட்டையில பாவாட கட்டி விடுங்க, தரையில உரசாம.