நிலத்தடி நீரை நம்பி வாழும் சூழலுக்குக் கலைச்சொல்: "ஊற்றுச்சார் சூழல்"

நண்பர்களுக்கு வணக்கம். நிலத்தடி நீரை நம்பி வாழும் மரம், மீன், விலங்கு, சுனை எல்லாம் சேர்ந்த சூழலை ஆங்கிலத்தில் groundwater-dependent ecosystem என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த "நிலத்தடி நீரைச் சார்ந்த சூழல் மண்டலம்" பொருளில் சரிதான். ஆனால் நீளம். அப்புறம், எங்கள் தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீர் என்றாலே போர்வெல், மோட்டார், பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு இவைதான் நினைவுக்கு வரும். மரமும் மீனும் அந்தச் சொல்லுக்குள் நுழைவதே இல்லை.

இன்னொரு பரிந்துரையான "ஊறுநீர்ச் சூழல்" கேட்க அழகு. ஆனால் ஊறு என்றால் கேடு என்றும் பொருள். அரசாணையில் படிப்பவர் கெட்ட நீர் என்று எடுத்துக்கொள்வார். வேண்டாம்.

என் பரிந்துரை: ஊற்றுச்சார் சூழல்.

ஊற்று மேலே வந்து கசிவதுதானே, வேர் வழியே அடியில் குடிக்கும் மரம் அதில் எப்படி அடங்கும் என்று குழுவில் ஓர் அக்கா கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. எங்கள் கிணற்றின் அடியில், பாறை வெடிப்பில் ஒரு ஊற்றுக்கண் உண்டு. சித்திரையில் அப்பா கயிறு கட்டி இறங்கி அடைத்த சேற்றை வழித்துவிட்டால் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வரும். மண்ணுக்கு மேலே அது எட்டிப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அதை ஊத்து என்றுதான் சொல்கிறோம். அடியில் ஓடுவதும் ஊற்றுதான்.

சின்னாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் ஒகேனக்கல் காட்டுப் பக்கம் போனால் கரையில் நீர்மருது மட்டும் பச்சையாக நிற்கும். யானை மணலைக் காலால் பறித்துக் குழியில் ஊறும் நீரைக் குடிக்கும். தீர்த்தமலைச் சுனையும் இந்தக் குடும்பம்தான். இத்தனைக்கும் பொதுவாக நம்மிடம் ஒரு பெயர் இல்லை.

பெயர் இல்லாததால் அரசின் நிலத்தடி நீர்க் கணக்கிலும் இல்லை. ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தாலும் அந்தப் பிர்கா (வருவாய் உள்வட்டம்) "பாதுகாப்பானது" என்றுதான் பதிவாகிறது. யாருக்குப் பாதுகாப்பு? நம் கடும்பாறை நிலத்தில் மேலடுக்கு மக்கிய பாறையில் நிற்கும் நீர், ஆழ்துளை இழுக்க இழுக்க வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடும். பத்தடி இறங்கினால் நாம் இன்னொரு போர் போட்டுக்கொள்வோம். மரம் ஒரே கோடையில் பத்தடி வேர் விட முடியுமா?

கலிபோர்னியாவின் 2014 நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் திட்டம் போடுகிறவர்கள் தங்கள் வடிநிலத்தில் இத்தகைய இடங்கள் எவை என்று அடையாளம் காட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி ஒரு சட்டம் வந்தால் அதன் வரையறைப் பகுதியிலேயே இந்தச் சொல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதோடு சேர்த்து இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச் சட்டம் மக்களின் அடிப்படைத் தேவைக்கும் நீர்ச்சூழலுக்கும் ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் மற்றவர்களுக்கு உரிமமாகத் தருகிறது. சூழலுக்கான அந்த ஒதுக்கீட்டை "ஊற்றுப்பங்கு" என்று சொல்லலாமா? ஏரிப் பாசனத்தில் பங்கு, முறை எல்லாம் ஊரில் இன்றும் புழங்கும் சொற்கள்தான், விவசாயிக்கு விளக்கவே தேவையில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.